பிண்டமும் துண்டும்



மூன்றே எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல் ஒரு தமிழாசிரியனை ஒரு கிழமையாக அலைக்கழித்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

அன்று எங்கள் இந்துக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியை விடுமுறை. தரம் பத்துக்கு அந்தப் பாடவேளையில் நான் போயிருந்தேன். ஆசிரியர் மாறி வந்தால் பிள்ளைகளுக்குத் தைரியம் வந்துவிடும். முன்வரிசை மாணவி ஒருத்தி பயிற்சிக் கொப்பியையும் அகராதியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். “சேர், இந்த ஒரு சொல்லுக்கு மூணு அர்த்தம் போட்டிருக்கு. மூணும் மூணு திசையில போகுது. எதை எடுக்கிறது?” என்றாள். சொல் ‘நப்’. அதற்கு எதிரே சிறு கட்டி, எஞ்சி நிற்கும் குட்டைத் துண்டு, விடயத்தின் சாரம் என்று மூன்று பொருள் இருந்தன.

‘சாரம்’ என்று நான் உரக்க வாசித்ததும் பின்வரிசைப் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை வரைக்கும் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் சாரம் என்றால் அப்பாமார் அரையில் உடுத்துவது. கட்டடம் கட்டுகிறவர்கள் ஏறி நிற்பதும் சாரம். கதைக்கும் ஒரு சாரம் உண்டு என்பது பரீட்சைத் தாளில் மட்டுமே வாழும் செய்தி. அந்த மாணவி சிரிக்கவில்லை. “கட்டியும் மிச்சத் துண்டும் சாரமும் எப்படி சேர் ஒரே சொல்லாகும்?” என்று நின்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பிவிட்டேன். அந்த நாளை வர ஒரு கிழமை பிடித்தது.

முதலில் ஆங்கிலத்துக்குள் போவோம். வட ஜெர்மனியின் பழைய பேச்சுமொழியில் மரத்தின் கணுவையும் முடிச்சையும் குறித்த ‘க்னுப்பெ’ என்ற சொல்தான் இதன் மூலம் என்கிறார்கள். கதவின் பிடிக்குமிழைக் குறிக்கும் ‘நொப்’ இதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்துக்கு வந்தபோது இதன் தலையில் ஒரு ககர ஒலி இருந்தது. அது முதலில் நாக்கிலிருந்து உதிர்ந்தது, பிறகு எழுத்திலிருந்தும் உதிர்ந்தது. பட்டுக்கூட்டில் நூல் எடுத்தபின் மிஞ்சும் கழிவை நெசவுத் தொழிலில் இச்சொல்லால் அழைத்தனர். சீவிச் சீவி விரலுக்குள் அடங்கிவிட்ட பென்சில் மிச்சமும் ‘நப்’தான். இவ்வாறு கட்டியாகவும் கழிவாகவும் திரிந்த சொல்லுக்கு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு வாழ்வு வந்தது. ஒரு கதையில், ஒரு வழக்கில், ஒரு பேச்சில் எது உயிரானதோ அதை ‘நப்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். மார்க் ட்வைன் 1895இல், கதை சொல்லும் கலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தேர்ந்த கதைசொல்லி அந்த உயிரிடத்தைக் கவனமில்லாதவன்போல நழுவவிட்டுப் போவான், தேராதவன் அதை உரக்கக் கத்தித் தானே முதலில் சிரிப்பான் என்பது அவர் கட்சி. அந்த உயிரிடத்துக்கு அவர் வைத்த பெயர்களுள் ஒன்று இந்த ‘நப்’. ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டுரை கொஞ்சம் சுடும்.

சாரத்துக்கு ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லும் உண்டு, ‘ஜிஸ்ட்’. இது நீதிமன்றத்திலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் ‘கிடக்கிறது’ என்று பொருள். வழக்கு எந்த இடத்தில் கிடக்கிறது என்று கேட்டுக் கேட்டு, கிடக்கும் இடமே சாரமாகிவிட்டது. இதை எண்ணும்போது ‘நப்’ ஏன் கட்டியிலிருந்து கருத்துக்கு ஏறியது என்பதும் ஓரளவு விளங்குகிறது. பொதி ஒன்றைக் கையால் அழுத்திப் பார்த்தால் துணி அமுங்கும், பஞ்சு அமுங்கும், உள்ளே எங்கோ ஒன்று அமுங்காமல் விரலில் தட்டுப்படும்.

அப்படியானால் நம்முடைய தமிழில் கட்டியைக் குறித்த சொல் கருத்துக்கு ஏறியதுண்டா? தேடிப் போனபோது கைக்குக் கிடைத்தது ‘பிண்டம்’.

இந்தச் சொல்லை வீட்டில் உரக்கச் சொன்னால் அம்மாமார் முகம் சுளிப்பார்கள். ஆற்றங்கரையில் மூதாதையருக்கு வைக்கும் எள்ளுச் சோற்றுருண்டையின் நினைவு வந்துவிடும். வேலைவெட்டி இல்லாமல் கிடப்பவனைச் சதைப் பிண்டம் என்று வைவதும் உண்டு. நமது அயலில் உள்ள சிங்கள மக்களிடம் இதே சொல் புண்ணியத்தோடு வாழ்கிறது. பிக்குமார் பாத்திரம் ஏந்தி வீடுவீடாகச் செல்வதைப் ‘பிண்டபாத’ என்பர். பாத்திரத்தில் விழும் சோற்றுப் பிடிதான் அந்தப் பிண்டம். ஒரே சோற்றுருண்டை ஒரு வீட்டில் இறந்தவருக்கும் அடுத்த வீட்டில் துறந்தவருக்கும் போகிறது.

வடமொழி வழியாக வந்த சொல் என்றாலும் தமிழில் அது மிகப் பழமையானது. பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், இவ்வுடம்பே உணவால் திரண்ட பிண்டம் என்ற கருத்து வருகிறது. சோறு கொடுத்தவர் உயிர் கொடுத்தவர் என்று சொல்வதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஆதாரம் அது. தொல்காப்பியரோ இச்சொல்லை எடுத்துச் சென்ற இடம் வேறு. செய்யுளியலில் நூல் என்றால் என்ன என்று சொல்ல வந்தவர், சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என்று நான்கு படிகள் வைக்கிறார். ஒரு பொருளைச் சொல்வது சூத்திரம். ஓரினமானவற்றைச் சேர்த்துச் சொல்வது ஓத்து. பொதுவாகப் பலவற்றைச் சொல்வது படலம். இந்த மூன்றையும் உள்ளே அடக்கி நிற்பது பிண்டம்.

நேயர்கள் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். எழுத்துலகில் ஆகச் சிறியது சூத்திரம், ஆகப் பெரியது பிண்டம். நாம் இன்று ‘கட்டி’ என்றதும் ஒன்றிலிருந்து உடைந்த சிறு உருவத்தை நினைக்கிறோம். தொல்காப்பியர் நினைத்தது பலவும் வந்து சேர்ந்து இறுகிய பெரு உருவத்தை. பின்னால் வந்த உரையாசிரியர்கள் ஒரு பாட்டின் பொருளைச் சேர்த்துச் சொல்வதற்குப் பிண்டப்பொழிப்பு என்று பெயரிட்டார்கள். இறையனார் களவியல் உரையில் உரையின் வகைகளுள் ஒன்றாகப் ‘பொழிப்புத் திரட்டல்’ வருகிறது. திரட்டல் என்ற வினையைப் பாருங்கள். வெண்ணெய் திரள்கிறது, மேகம் திரள்கிறது, சனம் திரள்கிறது. பொருளும் திரள்கிறது. திரண்ட பொருள் என்றுதான் இன்றும் சொல்கிறோம். வெட்டிய பொருள் என்று சொல்வதில்லை.

இவ்வளவையும் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பிண்டம், படலம் என்று கரும்பலகை நிறைய எழுதினேன். பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளங்கவில்லை என்பதற்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காட்டும் முகம் அது. அப்போது பின்வரிசையில் முன்னர் சிரித்தவர்களுள் ஒருவன், “ஒட்டுப்பாலுக்கும் சீட்டுக்கும் உள்ள வித்தியாசமா சேர்?” என்றான். நான் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

றப்பர் தெரியாத நேயர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் ஹேனரத்கொடையில் நடப்பட்டதிலிருந்து தொடங்கிய பயிர் இது. சப்ரகமுவவில் தேயிலையும் றப்பரும் ஒரே மலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். விடியற்காலையில் பட்டையைச் சீவிவிட்டால் பால் கோடு வழியே இறங்கிச் சிரட்டையில் சொட்டும். வெயில் ஏறுமுன் மரம் மரமாகப் போய் அதை வாளியில் ஊற்றிச் சேர்த்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டில் வார்த்து, அமிலம் விடுவார்கள். நூற்றுக்கணக்கான மரங்களின் பால் ஒன்றாக உறைந்து ஒரே கட்டியாகும். அதை உருளையில் கொடுத்துத் தட்டையாக்கிப் புகையில் போட்டால் சீட்டு. ஆனால் எல்லாப் பாலும் வாளிக்கு வராது. பட்டைக் கோட்டில் கொஞ்சம் காய்ந்து நாராக ஒட்டியிருக்கும். சிரட்டையின் அடியில் கொஞ்சம் இறுகிப் போயிருக்கும். அவற்றை உரித்துச் சாக்கில் போடுவார்கள். அதுதான் ஒட்டுப்பால். அதற்கு விலை குறைவு, நாற்றம் கூட.

இரண்டும் கட்டிதான். ஒன்று சேர்ந்து இறுகியது, மற்றது விடுபட்டு இறுகியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘நப்’ என்ற ஒரே பெயர் போதும். தமிழ் இவற்றைப் பிரித்துவைத்திருக்கிறது. சேர்ந்தது பிண்டம், திரள், திரட்டு. விடுபட்டது துண்டு, துணுக்கு, எச்சம். பவணந்தி முனிவர் நன்னூலில் இதையே எழுத்துக்குப் பொருத்தியிருக்கிறார் என்று எனக்கு அன்று பட்டது. அவர் சொன்ன பத்து அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நீளந்தான். இருபது வருடமாக இந்தச் சூத்திரத்தைப் படிப்பிக்கிறேன். ஒரு பையன் ஒட்டுப்பாலைச் சொன்ன பிறகுதான் அது எனக்கே பிடிபட்டது.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் இது ஓர் இலக்கண உரையாக முடிந்திருக்கும். ஆனால் ‘துண்டு’ என்று கரும்பலகையில் எழுதியதும் என் அப்பாயியின் குரல் கேட்டது.

அப்பாயி லயத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே சொல்வார், “எங்கப்பாரு துண்டோடதான் இந்தத் தோட்டத்துக்கு வந்தாரு.” நான் சிறுவன். துண்டு என்றால் தோளில் போடும் துண்டு. வெறும் உடம்பும் தோளில் ஒரு சிவப்புத் துண்டுமாக ஒரு மனிதர் மலையேறி வருவதாக மனதில் படம் வரைந்து வைத்திருந்தேன். ‘எனது பூட்டனார்’ என்று ஐந்தாம் வகுப்பில் கட்டுரை எழுதும்படி சொன்னபோது அந்தச் சிவப்புத் துண்டை வர்ணித்தே ஒரு பக்கம் எழுதினேன். ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், நூலகத்தில் தோட்டத் தொழிலாளர் வரலாறு பற்றிய ஓர் ஆங்கில நூலைப் புரட்டியபோது, ஆங்கில எழுத்தில் ‘துண்டு’ என்று அச்சாகியிருந்தது. மொழிபெயர்க்காமல் அப்படியே. வாசிக்க வாசிக்கத் தோளிலிருந்த சிவப்புத் துணி நழுவிவிட்டது.

துண்டு என்பது தோட்டத்துரை கையெழுத்திட்ட ஒரு சிறு கடிதம். இந்தக் கங்காணியின் கீழ் இத்தனை ஆட்கள் இருக்கிறார்கள், இவர்கள் தரவேண்டிய கடன் இத்தனை ரூபா, அந்தத் தொகையைக் கட்டுபவருக்கு இவர்களை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்பதே அதன் வாசகத்தின் திரண்ட பொருள். கடன் எப்படி வந்தது? தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கிளம்பும்போதே கங்காணி கொடுத்த முன்பணம், கப்பற் செலவு, வழிச் சாப்பாடு, வந்தபின் அரிசி, கம்பளி என்று எல்லாம் ஆளின் பெயரில் ஏறிவிடும். கங்காணி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் தட்டுப்பாடான காலத்தில் அதற்குக் கிராக்கி அதிகம். புதிய துரை பழைய கடனைக் கட்டுவதோடு கங்காணியை மகிழ்விக்க மேலும் கொஞ்சம் கொடுப்பார். அந்த மேலும் கொஞ்சமும் ஆட்களின் கணக்கில்தான் போய் விழும். தோட்டம் மாற மாறக் கடன் வளரும். ஆள் கையால் பணத்தைக் கண்டிருக்க மாட்டார். கோபித்துக்கொண்டு சொல்லாமல் போகவும் முடியாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம்.

ஒரு கூட்டம் மனிதர்கள், அவர்களுடைய ஊர், உறவு, வழியில் இறந்துபோன பிள்ளை, மறக்காமல் கொண்டுவந்த குலதெய்வம், ஒப்பாரி, தாலாட்டு இத்தனையையும் ஒரு சிறு காகிதத்தில் ‘சாரம்’ எடுத்தால் என்ன மிஞ்சும்? தலைக்கணக்கும் கடன்கணக்கும். துரைமார் தமிழ் படித்ததும் ஏறக்குறைய இந்த முறையில்தான். அவர்களுக்கென்று ஃபெர்குசன் எழுதிக் கொழும்பில் அச்சான தமிழ்க் கைந்நூலின் பெயரே ‘இங்கே வா’. தொல்காப்பியமும் கம்பராமாயணமும் உள்ள மொழியில் அவர்களுக்கு வேண்டிய சாரம் ஓர் ஏவல் வினை.

துண்டு முறைக்குத் துரைமாரிடையிலேயே எதிர்ப்பு இருந்தது. மனிதாபிமானம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். செலவு கட்டுப்படியாகவில்லை என்பது பெரிய காரணம். 1908இல் தொழிலாளர் ஆணைக்குழு இதையெல்லாம் ஆராய்ந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் சட்டங்களின் தண்டனைப் பிரிவுகளுக்கு எதிராகக் குரல் கொடுத்தார், 1919இல் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை நிறுவினார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்னர்தான், 1919இல், களனிப் பள்ளத்தாக்குச் சிறு பாதை ரெயில் இரத்தினபுரியிலிருந்து நீண்டு எங்கள் ஓப்பநாயக்கவில் வந்து நின்றது. பாதை முடியும் ஊர் இது. இன்று அந்த ரெயில் இல்லை, தண்டவாளமும் இல்லை. ஸ்டேஷன் இருந்த இடத்தைப் பெரியவர்கள் கைகாட்டுவார்கள்.

சட்டம் ஒரு முறையை ஒழிக்கலாம், சொல்லை ஒழிக்க முடியாது. துண்டு பிழைத்துக்கொண்டது. சிங்களத்தில் அது ‘துண்டுவ’ ஆகி, இன்று வைத்தியர் எழுதித் தரும் மருந்துச் சீட்டைக் குறிக்கிறது. நாமும் மருந்துத் துண்டு என்கிறோம். வரவுசெலவுத் திட்டக் காலத்தில் வானொலிச் செய்தியில் ‘துண்டு விழும் தொகை’ என்று கேட்பீர்கள். வரவுக்கும் செலவுக்கும் இடையில் விழும் பள்ளம் அது. அந்தச் சொற்றொடரைக் கேட்கும் போதெல்லாம் என் பூட்டனாரின் கடனை யாரோ இன்னும் கணக்குப் பார்ப்பது போல எனக்கு இருக்கும். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இச்சொல்லுக்கு நல்ல காலமும் வந்ததுண்டு. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் தோட்டத்து நிலையை நேரில் காண விரும்பியபோது, வெளியார் லயங்களுக்குள் நுழைய முடியாத காலமாகையால் புடைவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். துணித் துண்டு உள்ளே போக வழிவிட்டது. பின்னர் அவரும் மனைவி மீனாட்சி அம்மையாரும் தொழிலாளரிடையே வேலை செய்தபோது எழுத்தும் பாட்டும் துண்டுப் பிரசுரங்களாக லயங்களுக்குள் போயின. கடனை எழுதிய காகிதத்தின் பெயராலேயே உரிமையை எழுதிய காகிதமும் வந்தது.

அதற்குப் பின்னும் காகிதங்களே எங்கள் வரலாறு. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம், விண்ணப்பங்கள், மறுப்புக் கடிதங்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று அதில் எழுதினார்கள். இன்னும் 150,000 பேர் மிஞ்சினார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று வைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1974இல், ஆளுக்குப் பாதி என்று அந்த மிச்சத்தையும் பிரித்தார்கள். ‘நப்’ என்ற சொல்லுக்கு அகராதி தரும் இரண்டாவது பொருள், எஞ்சி நிற்கும் குட்டைத் துண்டு என்பது, எனக்கு விளங்கிய இடம் இது. ஒப்பந்தத்தில் அது ஒரு எண். எங்கள் லயத்தில் அது பக்கத்துக் காம்பிராக்கள். தாய் ஒரு பட்டியலிலும் மகன் ஒரு பட்டியலிலுமாகப் போன வீடுகளின் கதையை அப்பாயி சொல்லத் தொடங்கினால் வெற்றிலை உரல் அப்படியே நின்றுவிடும். நாடற்றவர் என்ற நிலைக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது 2003இல். அதைக் காண அப்பாயி இல்லை.

துண்டுகளால் எழுதப்பட்ட இந்த வரலாற்றுக்கு எதிரே ஒரு திரட்டும் உண்டு. மடகொம்பரையில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போய், 1984இல் மறைந்த ஸி. வி. வேலுப்பிள்ளையைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் கவிதை எழுதிப் பேர் வாங்கியவர், லயம் லயமாகக் கேட்டுத் திரிந்து தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்தார். கொழுந்து எடுக்கும்போது பாடியது, கங்காணியைக் கிண்டல் செய்தது, கடல் கடந்த துயரத்தைச் சொன்னது எல்லாம் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாகின. எந்தத் தோட்டத்துப் பாட்டும் தனியே பார்த்தால் நாலு வரிதான். ஒரு வரியைப் பாடியவரின் பெயர்கூட நின்றிருக்காது. சேர்ந்தபோது அவை மூன்றுறுப்பு அடக்கிய பிண்டம்போல நிற்கின்றன. அந்த நூலைப் பாடத்திட்டத்துக்கு வெளியே வைத்தாவது வருடத்துக்கு ஒரு முறை வகுப்பில் வாசிக்கிறேன். பையன்கள் சில பாட்டுகளை வேறு மாதிரியாகத் தங்கள் அம்மாயி பாடுவார் என்று திருத்துவார்கள். திருத்தத்தை நூலின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். ஓரங்கள் நிறைந்து வருகின்றன.

கேள்வி கேட்ட மாணவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். க.பொ.த. சாதாரண தரத் தமிழில் சுருக்கம் எழுதும் பகுதி உண்டு. தந்த பந்தியை மூன்றிலொரு பங்காக்க வேண்டும். அதற்குப் பயிற்சியாக, ‘எங்கள் குடும்பம் இங்கு வந்த கதை’ என்று வீட்டில் கேட்டு எழுதிவந்து பின்னர் சுருக்குங்கள் என்று வகுப்புக்கு வேலை கொடுத்தேன். முதலில் அவள் கொண்டுவந்தது ஒரே வாக்கியம். இந்தியாவிலிருந்து வந்தோம், கஷ்டப்பட்டோம், இங்கேயே இருக்கிறோம். “சுருக்கத்தைக் கேட்கவில்லையே, கதை எங்கே?” என்றேன். “இவ்வளவுதான் சேர் எல்லாரும் சொல்றாங்க” என்றாள். சிவப்பு மையால் ‘குன்றக் கூறல்’ என்று எழுதப் போன கை நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்புத் துண்டு எழுதியவன் நான். எனக்கு என்ன தகுதி? “யாரிடம் கேட்டாய்?” என்றேன். அப்பாவிடம் என்றாள். வீட்டில் வயதானவர் யார் என்று கேட்டேன். பாட்டி இருக்கிறார், காது மந்தம் என்றாள். போய்க் கேட்டுப் பார், உரக்கக் கேள் என்று அனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்துக் கொப்பி வந்தது. பதினொரு பக்கம். பாட்டியின் தாய் வழியில் எந்த ஊரில் அம்மை கண்டு தங்கினார், யார் தண்ணீர் கொடுத்தார், எந்தக் கங்காணியின் பேரேட்டில் பெயர் மாற்றி எழுதப்பட்டது, மேல்கணக்கு லயத்தின் எந்தக் காம்பிராவில் யார் பிறந்தார்கள், எந்த வருடம் யார் கப்பலேறினார்கள், போகும்போது கதவில் சுண்ணாம்பால் என்ன எழுதிவிட்டுப் போனார்கள் என்றெல்லாம் இருக்கிறது. எழுத்துப் பிழைகள் ஏராளம். பாட்டியின் பேச்சு சில இடங்களில் அப்படியே வந்திருக்கிறது. ஒரு பக்கத்தில், கடன் எவ்வளவு என்று பாட்டி சொன்ன தொகையும் இருக்கிறது. அதற்குக் கீழே அவள் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

நேற்று ஆசிரியர் அறை வாசலில் அந்தக் கொப்பியோடு வந்து நின்றாள். “சேர், மூன்றிலொரு பங்குன்னா நாலு பக்கத்துக்குள்ள வரணும். எதை விடுறது?” என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று மறுபடியும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.